இஞ்சினை இறக்கிவிட்டுப் பாய் ஏற்றினேன்: பழைய வள்ளத்தைச் செப்பனிட்டவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அப்பாவின் வள்ளத்தை ஒரு விடுதிக்காரர் விலைக்குக் கேட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் கட்டும் சாப்பாட்டு விடுதியின் முகப்பில் அதை நிறுத்தி, உள்ளே சட்னி வாளிகளை வரிசையாக வைக்கப்போகிறாராம். நான் கொடுக்கவில்லை. பாசம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்ன விலை மிகவும் மட்டம் என்பதும் ஒரு காரணம்.

இருபத்தெட்டு அடி வள்ளம். தொண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கரையில் ஒன்பது வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. பாயில் ஓடிய வள்ளம்தான். 1990களில் அப்பா அதன் வயிற்றில் டீசல் இஞ்சின் வைத்தார். பிறகு ஒழுகுகிறது என்று தம்பி வெளிப்புறம் முழுக்க ஃபைபர் பூசிவிட்டான். இந்த இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி பாய் ஏற்றவேண்டும் என்பது பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வந்த கிறுக்கு. எங்கள் பக்கத்து ஊர்களில் விழாக் காலத்தில் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். அதில் பேரனை அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், உட்காரவைத்து ஒரு சுற்று போகவேண்டும் என்று ஆசை.

ஆசாரியைத் தேடிப் போனது ஏப்ரல் கடைசியில். அதுதான் முதல் தப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் கரையேறும். ஆசாரி, வெல்டர், பெயிண்டர் எவரும் தலை நிமிரமாட்டார்கள். "வாத்தியாரே, உங்கள் வள்ளம் ஒன்பது வருடம் காத்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் காத்திருக்காதா?" என்றார் ஆசாரி. எழுபது வயதுக்காரர், வாயில் எப்போதும் ஆணி.

ஜூலையில் ஃபைபரை உரித்தோம். கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் தாள் மாதிரி எழுந்து வந்தது. மரத்தில் அது ஒட்டியே இருக்கவில்லை. அடியில் பலகை ஊறிய ரொட்டி போல இருந்தது, கட்டைவிரல் நகம் இறங்கியது. ஃபைபர் வெளித் தண்ணீரைத் தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். வள்ளத்துக்குள் தேங்கும் தண்ணீர் பலகையில் இறங்கி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஈர மரத்தின் மேல் ஃபைபர் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது. தம்பியிடம் இதைச் சொன்னேன், இரண்டு வாரம் பேசவில்லை.

நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பலகையில் குண்டூசி முனை அளவுக்கு நாலைந்து துளைகள். "இது ஒன்றுமில்லை அண்ணே, மெழுகு வைத்து அடைத்துவிடலாம்" என்றேன். ஆசாரி பதில் பேசாமல் அந்தப் பலகையைக் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தைக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சுரங்கங்கள், ஒவ்வொன்றின் சுவரிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. மரத்தைத் துளைக்கும் இதைப் புழு என்கிறோமே, அது சிப்பி இனம். குஞ்சாக நுழையும்போது போட்ட ஓட்டைதான் வெளியே தெரிகிறது, வளர்ந்ததெல்லாம் உள்ளே. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு பலகை மாற்றினோம், எல்லாம் கேரளத்திலிருந்து வந்த அயினி மரம். பலகைகளை உள்ளிருந்து விலா எலும்பு போலத் தாங்கும் வங்கு இரண்டு போயிருந்தன. வங்குக்கு வளைத்துச் செய்த மரம் ஆகாது, வளைந்தே வளர்ந்த மரம்தான் வேண்டும் என்று சொல்லி, அந்த வளைவுக்கு வளைத்த ஒரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆசாரி மூன்று நாள் கருவேல மரங்களை அண்ணாந்து பார்த்தபடி அலைந்தார்.

கலப்பத்து வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பருத்தித் திரியைப் பலகை இடுக்கில் வைத்து, மழுங்கிய உளியால் இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலின் சத்தம் முதலில் 'தொப்' என்று இருக்கும், திரி நிறைய நிறைய 'டங்' என்று மாறும். அந்த இடத்தில் நிறுத்திவிடவேண்டும். நான் ஆர்வத்தில் ஒரு முழம் அடித்தேன், நன்றாக இறுக்கியே அடித்தேன். அவர் அத்தனையையும் கொக்கியால் உருவி எடுத்தார். காய்ந்த பலகையில் இறுக்கி வைத்தால், பலகை தண்ணீர் குடித்து உப்பும்போது போக இடமில்லாமல் ஆணியையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமாம்.

இஞ்சின் இறக்கியது ஒரு நாள் வேலை. அதன் பின்விளைவுதான் நீண்டது. தண்டு போன ஓட்டைக்குக் கட்டை அடித்து மூடினோம். பாய்மரத்தைத் தாங்கும் குறுக்குப் பலகையை அப்பா அந்தக் காலத்திலேயே இஞ்சினுக்காக அறுத்துவிட்டிருந்தார். அதைப் புதிதாகச் செய்தோம். கடலில் இறக்கினால் பின்புறம் தூக்கிக்கொண்டு மூக்குத் தண்ணீரில் முட்டியது. மணல் மூட்டைகளை இங்கும் அங்கும் மாற்றி மாற்றி வைத்துச் சமன் பார்த்தோம். முதல் மூன்று நாள் ஒழுகோ ஒழுகு. "குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆசாரி ஊருக்குப் போய்விட்டார். நான்தான் வாளியோடு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் நின்றது.

செலவைக் கேட்காதீர்கள். அந்தப் பணத்துக்குப் புது ஃபைபர் படகே வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

*

ஆலப்புழையில் படகு வீடுகளுக்கு மின்வேலை பார்க்கும் கன்னியாகுமரிக்காரன் எழுதுகிறேன். எங்களுடையது மீன் படகு இல்லை, குட்டநாட்டிலிருந்து கொச்சிக்கு நெல்லும் அரிசியும் ஏற்றிப்போன கெட்டுவள்ளம். ஆணி கிடையாது, அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், வெளியே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கறுப்பாக இருக்கும். சார் மணல் மூட்டை என்று சொன்னதும் ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நெல் மூட்டைகள் அடியில் கிடந்தன, வள்ளம் கல் மாதிரி நின்றது. படகு வீடாக மாற்றும்போது அடியில் இருந்த பாரம் போய்விடுகிறது, மேலே கூரை, கட்டில், ஏ.சி., தண்ணீர்த் தொட்டி என்று ஏறுகிறது. நான் வேலை பார்த்த ஒரு படகின் முதலாளி மாடித்தளமும் கேட்டார், போட்டார்கள். வெள்ளோட்டத்தில் பதினைந்து பேர் மாடியில். கரையில் ஒருவர் வாத்து மந்தையை ஓட்டிக்கொண்டு போனார், நூற்றுக்கணக்கில். அதைப் படம் எடுக்க அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடினார்கள். கீழே சமையலறையில் நான் நின்றேன், மீன்குழம்புச் சட்டி என் காலில் வந்து விழுந்தது. மறுநாளே தொட்டியைக் கீழே இறக்கினார்கள். மாடிக்கு ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகையும் மாட்டினார்கள். அதை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

*

வட நார்வேயில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கனகாலம் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தேன். அங்கே கூட வேலை செய்த நார்வேக்காரரும் நானும் சேர்ந்து முப்பது அடி மரப் படகு ஒன்றை வாங்கினோம். உரிமத்தை விட்டுவிட்டுப் படகை உடைத்தால் அரசு பணம் கொடுக்கும் திட்டம் இங்கே முன்பு இருந்தது. அதில் எத்தனையோ நல்ல மரப் படகுகள் போய்விட்டன, இது எப்படியோ தப்பியது. பெர்கனில் செய்த ஸாப் இஞ்சின், ஒற்றைச் சிலிண்டர். பின்னோக்கிப் போகக் கியர் இல்லை, தண்ணீரைத் தள்ளும் காற்றாடியின் இலைகளே கோணம் மாறித் திரும்பிக்கொள்ளும். அதை நாங்கள் கழற்றவில்லை, கழற்ற மனமும் வரவில்லை.

மீன் போடும் அறையைப் படுக்கை அறையாக மாற்றத்தான் திட்டம். அடிப்பலகை அழுகியிருக்கும் என்று பயந்துகொண்டு திறந்தோம். உப்பில் ஊறி ஊறி இரும்பு மாதிரி இருந்தது. அழுகியிருந்தது மேல்தளம், அதுவும் ஓரத்தில், மழையும் பனியும் உருகி இறங்குகிற இடத்தில். "கடல் தண்ணீர் படகை ஊறுகாய் போடும், மழைத் தண்ணீர்தான் தின்னும்" என்றார் நண்பர். ஊறுகாய் என்பது என் மொழிபெயர்ப்பு, அவர் சொன்னது உப்பு மீன். பெரியவர் தன் வள்ளத்தை இப்போது எப்படி மூடி வைத்திருக்கிறார் என்று அறிய ஆவல்.

இன்னொன்று. பழைய மரக்கலம் என்றதும் எங்கள் ஆட்களின் கப்பல் ஒன்று நினைவுக்கு வருகிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயரை மாற்றினார், எங்கள் மாலுமிகளோடு அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சரக்குக் கப்பல்தான், மீன் படகு இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

*

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். நார்வேத் தம்பி கேட்டதைப் படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். வள்ளத்தை நான் மூடவே இல்லை. போன வாரம் பெய்த மழை. அணியத்தில், பேரன் உட்காரும் பலகைக்கு அடியில் இரண்டு கை அள்ளும் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. கலப்பத்து விட்டுப்போய் ஒழுகுகிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை.

துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். தென்னங்கீற்று நாற்பது சொல்லியிருக்கிறேன், நாளை வருகிறது.