நவம்பர் 1 இரவு: சின்சுன்சானிலிருந்து மொரேலியா திரும்புவது எப்படி?

மெக்சிகோவில் மொரேலியாவில் தங்கியிருக்கிறோம், நானும் அம்மாவும் (68 வயது, முழங்கால் வலி). இறந்தோர் நாளுக்கு, நவம்பர் 1 இரவு, சின்சுன்சான் என்ற ஊரின் கல்லறைத் தோட்டம் போகணும். மெழுகுவத்தி ஏற்றி, கல்லறைமேல் செம்பசூச்சில் பூ பரப்பி, குடும்பம் குடும்பமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பூ வேறொன்றுமில்லை, நம்ம செண்டுமல்லிதான்!

போக பஸ் இருக்கு. நள்ளிரவுக்குமேல் திரும்புவதுதான் சிக்கல். பக்கத்து ஊரான பாட்ஸ்குவாரோவில் தங்கலாமென்று ஒரு வாரமாக அறை தேடினேன், எங்கும் காலியில்லை. டூர் வேன் கேட்டால் ஹனிட்சியோ தீவையும் சேர்த்தே கூட்டிப்போவார்களாம். அங்கே படகு, அப்புறம் ஏகப்பட்ட படிகள், அம்மாவால் ஆகாது. இரண்டு டாக்சிக்காரர்கள் காத்திருக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அந்த இரவில் போய்வந்தவர்கள் யாராவது, அதிகாலை 2 மணிவாக்கில் மொரேலியாவுக்கு எந்த வண்டியில் திரும்பினீர்கள்?