அவசர பட்டன் வைத்த வீடுகள்: டெல்டா பக்கம் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

வெண்ணாறு:
கும்பகோணம் பக்கம் ஒரு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு தாண்டிக் கொல்லைக் கடைசியில் குளியலறை. விழுந்தால் அமுக்கி ஆளைக் கூப்பிட, கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பையன் வாங்கிக் கொடுத்த பட்டன், பாட்டி கழுத்தில் இல்லை. குளியலறை ஆணியில், ஆள் உயரத்தில் தொங்குகிறது. பாட்டி கீழே கிடக்கிறார். பால்காரர் குரல் கொடுத்துப் பார்த்து, பதில் இல்லாமல் உள்ளே வந்ததால் தெரிந்தது. தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று கழற்றி மாட்டியிருக்கிறார். அது ஐபி67 பட்டன், அதாவது தண்ணீர் உள்ளே போகாத வகை, குளிக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம். வாங்கிக் கொடுத்தவர் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒயர்மேன் திருவாரூர்:
கழுத்துப் பட்டனை மட்டும் நம்பினால் இப்படித்தான். குளியலறைக்கு, இழுத்தால் மணி அடிக்கும் இழுகயிறுதான் சரி. கயிற்றில் இரண்டு வளையம்: ஒன்று தரையிலிருந்து 80 முதல் 100 செ.மீ. உயரத்தில், இன்னொன்று 10 செ.மீ. உயரத்தில். விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டுவது அந்தக் கீழ் வளையம்தான். ஒரு வீட்டில் எல்லாம் கச்சிதமாக மாட்டியிருந்தார்கள். பெருக்குவதற்கு இடைஞ்சல் என்று வேலைக்கார அம்மா கயிற்றைச் சுருட்டி, குழாய்க்கு மேலே முடிச்சுப் போட்டுவிட்டார். வளையம் இரண்டும் மேலே!

சிம்கார்டு:
@ஒயர்மேன் அண்ணே, கயிறு இழுத்தால் மணி எங்கே அடிக்கும்? கூடத்தில். தனியாக இருக்கிறவர் வீட்டுக் கூடத்தில் யார் இருக்கிறார்கள்? நாலு பேருக்கு போன் போடுகிற டயலர் வேண்டும்.

தஞ்சாவூரில் பார்த்த ஒன்று. பட்டனை அமுக்கியதும் டயலர் முதல் நம்பருக்குப் போட்டது. அது அமெரிக்காவில் இருக்கும் மகன் நம்பர். அங்கே வாய்ஸ்மெயில் எடுத்தது. 'ஆள் எடுத்துவிட்டார்' என்று மெஷின் கணக்கு வைத்து, அடுத்த நம்பருக்குப் போகவே இல்லை. எதிர்வீட்டு நம்பர் மூன்றாவதாகக் காத்துக்கொண்டிருந்தது. முதல் நம்பர் நடந்து வரும் தூரத்தில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். எடுத்தவர் ஒரு எண்ணை அழுத்தினால்தான் அழைப்பு ஏற்கப்பட்டதாகக் கொள்ளும் மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சிம் விஷயமும் சொல்லிவிடுகிறேன். மலிவான டயலர்கள் பெரும்பாலும் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் போட்டால் சிக்னலே பிடிக்காது. வேறு கம்பெனி சிம் போட்டாலும் ரீசார்ஜ் தீர்ந்த அன்று வெளியே போகும் அழைப்பு நின்றுவிடும். விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்.

வேதாரண்யம் ரோடு:
டயலர், சிம் எல்லாம் டவர் இருந்தால்தானே தம்பி? 2018 நவம்பர் 16 கஜா புயல் கரை ஏறிய பிறகு இங்கே டவரும் இல்லை, கரண்டும் இல்லை. பழைய செப்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். இப்போது ஃபைபர். வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், போனும் செத்துப்போகும். ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் மோடம் பிளக் மட்டும் அந்த லைனில் இல்லை. ஃபேன் ஓடுகிறது, போன் இல்லை. மோடத்துக்கென்று ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டால் வேலை முடிந்தது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.

டவரே வேண்டாம் என்றால், பட்டனிலிருந்து ரேடியோ அலையில் நேராக அடிக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் மணி. ரிசீவரைப் பக்கத்து வீட்டில் வைக்க வேண்டும், அதுவும் பேட்டரியில் ஓடுவதாக. பெட்டியில் போட்டிருக்கும் 100 மீட்டர் திறந்த வெளிக்கு. தடித்த சுவர் இரண்டு, நடுவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தால் பாதிகூடத் தேறாது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அமுக்கிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கிற டெஸ்ட் செல்லாது.

கொள்ளிடம்:
பட்டனே வேண்டாம், ஆள் நடமாட்டம் இல்லையென்றால் சொல்லும் பிஐஆர் சென்சார் போதும் என்று விற்கிறார்களே, அதையும் பார்த்தாயிற்று. லென்ஸ் மேல் பல்லி ஓடினால் 'ஆள் நடக்கிறார்' என்று பதிவாகிறது. சித்திரை வெயிலில் நேர் எதிர். சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சுவரே உடம்பு அளவுக்குச் சுடும்போது, ஆள் எதிரே நடந்தாலும் அதற்குத் தெரியாது.

பிசியோ மாயவரம்:
விழுந்த பிறகு என்ன செய்வது என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். விழாமல் இருக்கக் கைப்பிடி போடுங்கள். ஒரு வீட்டில் டவல் ராடைப் பிடித்து எழுந்திருக்கிறார் பெரியவர். காரையோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. டவல் ராடு துணி காயப்போடத்தான். கைப்பிடி 32 முதல் 38 மி.மீ. கனம், சுவரிலிருந்து 38 மி.மீ. இடைவெளி, தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. உயரம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. 10 மி.மீ. மரைக் கம்பியைச் சுவர் ஊடே விட்டு, வெளிப்பக்கம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தகடு வைத்து நட் போட்டு முடுக்க வேண்டும். மாட்டியதும் கொத்தனாரையே தொங்கவிட்டுப் பாருங்கள். அப்புறம் கதவு. உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால், விழுந்தவர் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். தாழ்ப்பாள் வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

சிம்கார்டு:
பிசியோ சார், தலைப்பு பட்டன்!

பிசியோ மாயவரம்:
பட்டன் அடித்து ஓடி வருகிறவர் எந்தக் கதவு வழியாக உள்ளே வருவார், தம்பி?

ஒயர்மேன் திருவாரூர்:
வாசல் சாவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் ஒன்று கொடுத்து வைக்காவிட்டால் ரேழியைக்கூடத் தாண்ட முடியாது.