மறு: குடிப்பழக்க ‘ஸ்கிரீனிங்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘மதுப் பரிசோதனை’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் வேறு ஏதோ புரியும். நாம் பெயர் தேடுவது எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு வருகிறவர்களின் குடிப்பழக்கத்தைக் கேட்டு நிரப்பும் படிவத்துக்கு. அவர்களுக்குப் பரிசோதனை என்றால் ரத்தம் எடுப்பது: சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு). அதோடு ‘மது’வைச் சேர்த்தால், வாயை ஊதச் சொல்லும் போக்குவரத்துப் போலீஸ்தான் நினைவுக்கு வருவார். இங்கே நடப்பதோ வெறும் கேள்வி கேட்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ (AUDIT) என்ற குடிப்பழக்க வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே ஆலோசகர் உட்கார்ந்து பேச வேண்டும்; 20-ஐத் தொட்டால் அடிமைநிலை இருக்கலாம் என்று மேற்கொண்டு பார்க்க அனுப்புவார்கள். நோயை உறுதிசெய்வது அந்த அடுத்த கட்டத்தில்தான். அதனால் ‘கண்டறிதல்’ சரிவராது.

‘வடிகட்டல்’ எனக்குப் பிடிக்கவே இல்லை. குடிப்பதாகச் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. குடி ஒரு காரணமாகவே ஆகாது, மருந்து தொடர வேண்டும் என்பதுதான் விதி. படிவத்தின் தலைப்பிலேயே ‘வடிகட்டல்’ என்று போட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்?

என் பரிந்துரை ‘கேட்டறிதல்’. மதுப்பழக்கக் கேட்டறிதல். ஆலோசகர் எதிரில் இருப்பவரிடம் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய சொல்.

> மார்பகப் புற்றுநோய்க்கு மேமோகிராம் எடுப்பதும் ஸ்கிரீனிங்தானே? அங்கே யாரைக் ‘கேட்டறிவது’?

நியாயம். அங்கே ‘முற்சோதனை’ இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருந்தாக வேண்டுமா என்ன?

அடுத்து ‘ப்ராப்ளம் ட்ரிங்கிங்’, அதாவது கேடு தரும் அளவுக்குக் குடிப்பது. ‘குடிநோய்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். 8 மதிப்பெண் வாங்கியவரை நோயாளி ஆக்குவது அதிகம். ‘இடர்க்குடி’ என்கிறேன். (குடிமக்கள் நகைச்சுவை தயவுசெய்து இந்த இழையில் வேண்டாம்!)

உண்மையில் கலைச்சொல் அவசரமாகத் தேவைப்படுவது ‘ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்’குக்குத்தான். ஒரு நாளில் எத்தனை என்று கேட்கிறது இரண்டாவது கேள்வி. 10 கிராம் ஆல்கஹால் ஒன்று என்பது கணக்கு. நம் ஊரில் யார் அப்படி எண்ணுகிறார்கள்? 180 மி.லி. குவாட்டரில், 42.8 சதவீதம் என்றால், ஏறக்குறைய 60 கிராம். ‘ஒரு கட்டிங்தான் சார்’ என்பவர் அதில் பாதி, அதாவது மூன்று அளவு குடித்திருக்கிறார். ஆலோசகர் ‘ஒன்று’ என்று குறித்துக்கொள்வார். மதிப்பெண் அங்கேயே தப்பாகிவிடும். ‘மது அலகு’ என்று வைத்து, பக்கத்திலேயே ‘கட்டிங் = 3, குவாட்டர் = 6’ என்று அச்சடித்துவிடலாம். கட்டிங்குக்குத் தனித்தமிழ் தேட வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. சரக்கும் மாத்திரையும் சேர்ந்தால் விஷம் என்று நம்பி, குடித்த அன்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குடியின் கேடு ஒருபுறம் இருக்க, இப்படி அடிக்கடி விட்டால் வைரஸ் மறுபடி பெருகும். மருந்துக்கு அடங்காமலும் போகலாம். ஆடிட்டின் பத்தில் இதற்குக் கேள்வி இல்லை. பதினொன்றாவதாகச் சேர்த்து ‘குடிநாள் மருந்துவிடல்’ என்று பெயர் வைத்தால் என்ன? கொஞ்சம் நீளம்தான். சுருக்கத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.