ஜேர்மன் ஏ1 பேச்சுச் சோதனை: பிள்ளைகளை எப்படிக் கதைக்க வைக்கிறீர்கள்?

பரந்தன் ரீச்சர்:
வணக்கம். வீட்டு விறாந்தையில் சின்னதாய் ஒரு ஜேர்மன் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கலியாணம் எழுதிவிட்டு, ஜேர்மனியில் இருக்கும் துணையிடம் போக ஸ்பொன்சர் விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். அதற்கு ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜேர்மன் சோதனையைப் பாஸ் பண்ண வேண்டும். வாசிப்பு, எழுத்து இரண்டிலும் குறை சொல்ல முடியாது. பேச்சில்தான் சிக்கல். அறிமுகம் செய்யச் சொன்னால் பெயர், வயது, ஊர், மொழி, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார்கள், நடுவில் நான் ஏதாவது கேட்டு நிறுத்தினால் விட்ட இடம் தெரியாமல் திரும்பவும் "இஷ் ஹைசே" (என் பெயர்) என்று முதலிலிருந்து தொடங்குகிறார்கள். சொல் எழுதின அட்டையைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவளிடம் கேள்வி கேள் என்றால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் மூன்று பேர் சோதனைக்குக் கொழும்புக்குப் போகிறார்கள். அறிமுகத்தையே இன்னும் திருத்துவதா, வேறு ஏதாவது செய்வதா?

வவுனியா மாஸ்டர்:
ரீச்சர், புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. பேச்சுக்கு மொத்தம் 15 புள்ளி, அதைத்தான் 100இல் 25 ஆக மாற்றுகிறார்கள். அந்த 15இல் அறிமுகத்துக்கு வெறும் 3. அட்டையில் உள்ள சொல்லை வைத்துக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் இரண்டாம் பகுதிக்கு 6, படத்தைப் பார்த்து எதையாவது தரச் சொல்லிக் கேட்கும் மூன்றாம் பகுதிக்கு 6. அதிலும் ஒவ்வொரு கேள்விக்கும் 2 புள்ளி, பதிலுக்கு 1தான். நம் ஆட்களோ மாதக்கணக்கில் அந்த 3 புள்ளியைப் பாடமாக்குகிறார்கள்!

கேள்வி கேட்பது நம் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லாத வேலை. பள்ளிக்கூடத்தில் கேள்வி ரீச்சருக்கு, பதில் பிள்ளைக்கு என்றுதானே வளர்ந்தார்கள். அதனால் என் வகுப்பில் கடைசி அரை மணித்தியாலம் நான் வாயைத் திறப்பதில்லை. "சாப்பாடும் குடிப்பும்" என்று தலைப்பு, அட்டையில் "ஞாயிற்றுக்கிழமை" என்று ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒருத்தி கேட்க வேண்டும், மற்றவள் பதில் சொல்லிவிட்டுத் தன் அட்டையை எடுத்து அடுத்தவளிடம் கேட்க வேண்டும். அதே அட்டைக்கு வேறு கேள்வி, பிறகு இன்னொரு கேள்வி. முதல் கிழமை செத்த வீடு மாதிரித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சோடியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். சிநேகிதிகள் இரண்டு பேரை ஒன்றாக இருத்தினால் கண்ணாலேயே கதைத்து முடித்துவிடுவார்கள்.

புதுக்குடியிருப்பு பிள்ளை:
நான் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டேன், அதனால் சொல்கிறேன். அறிமுகம் முடிந்ததும் எதையாவது எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஓர் இலக்கத்தையும் சொல்லச் சொல்வார்கள். பலர் தடுமாறுவது அங்கேதான். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், 17 எழுத்து. பாதி வழியில் ஆங்கில உச்சரிப்பு வந்துவிடும். ஜேர்மனில் "ஈ" என்றால் ஆங்கிலத்து ஐ, "ஏ" என்றால் ஆங்கிலத்து ஈ. அவசரத்தில் மாறிப் போனால் ஊரே மாறிவிடும்.

இன்னொன்று, கொப்பியில் ஜேர்மன் எழுத்துகளின் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். தமிழில் எழுதினால் இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் ஒரே "பே"தான். கொப்பியைப் பார்த்துப் படித்தவள் அங்கே போய் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்வாள், கேட்கிறவர் எதை எழுதுவார்? இதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். தகப்பன் பெயர், ஊர், தெரு, போன் நம்பர் நான்கையும் தினமும் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லி, நீங்கள் கேட்டபடியே எழுதிப் பாருங்கள்.

சும்மா ஒருவன்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? 60 எடுத்தால் பாஸ். கேள்வி முப்பதைப் பாடமாக்கினால் போதும், மிச்சத்தை ஜேர்மனிக்குப் போய்ப் பழகுவார்கள்.

டோர்ட்முண்ட் அக்கா:
தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவில்லை. கேள்வி வடிவங்கள் நாக்கில் நிற்க வேண்டும், வினைச்சொல்லை முன்னுக்குப் போட்டு ஒன்று, "என்ன, எங்கே, எப்போது" வைத்து ஒன்று என்று. ஆனால் முழுக் கேள்வியைப் பாடமாக்கினவளுக்குப் பாடமாக்காத சொல் அட்டையில் வந்தால் என்ன செய்வாள்? ஆயத்தம் செய்ய நேரமும் தர மாட்டார்கள், நான்கு பேர் வரை ஒன்றாக இருத்திப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நாங்கள் வந்த காலத்தில் விசாவுக்கு இந்தச் சோதனை கேட்டதே இல்லை, 2007இல்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டொக்டருக்குப் போன் எடுக்கக்கூட ஆள் தேடின எனக்கு அதைக் கெட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

ரீச்சர், முதலில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று சொல்லப் பழக்குங்கள். "வீ பிட்டே?" (என்ன சொன்னீர்கள்?), "நொக் மால் பிட்டே" (இன்னொருமுறை சொல்லுங்கள்), "லங்சாம் பிட்டே" (மெதுவாகச் சொல்லுங்கள்). விளங்காமல் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருப்பதை விடத் திரும்பச் சொல்லக் கேட்பது எவ்வளவோ மேல், அந்த நேரத்தில் மூச்சும் எடுக்கலாம். அப்புறம், தெரியாத ஆட்களோடு கதைக்க விடுங்கள். முன்னால் இருப்பது ஓர் ஆம்பிளையாக இருக்கலாம், கொழும்பில் படித்த சிங்களப் பிள்ளையாக இருக்கலாம். உங்கள் குரலுக்கு மட்டும் பழகின காது அங்கே அடைத்துப் போகும். என் மகனும் மகளும் சனிக்கிழமைகளில் வீடியோ கோலில் வருவார்கள், தமிழ் அரைகுறை என்பதால் ஜேர்மனில்தான் கதைப்பார்கள், அது நல்லதுதான். நேரத்தை உள்பெட்டியில் போடுங்கள்.

பரந்தன் ரீச்சர்:
அக்கா, பெரிய உதவி. இங்கே பின்னேரம் சிக்னல் விட்டுவிட்டு வரும், உங்கள் காலை நேரம் சரி வருமா? மாஸ்டர், நாளைக்கே அட்டைகள் வெட்டுகிறேன். அந்த மூன்று பேரும் இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேரே சோதனைக்குப் போகிற யோசனையில் இருக்கிறார்கள். அது சரியா?

வவுனியா மாஸ்டர்:
வேண்டாம். முதல் நாள் பகலே போய், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்லுங்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாலும் நித்திரை இல்லாத வாயில் ஜேர்மன் வராது. பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.