கார்: எஃப்டியை உடைச்சு முழுசா கட்டலாமா, லோன் போடலாமா?

கேள்வி (ஒட்டன்சத்திரம் டீச்சர்):
அம்மாவுக்குக் கண்ணுல பிரஷர். மாசாமாசம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். திண்டுக்கல்ல பஸ் மாறி ஏறுறதுக்குள்ள துவண்டுடறாங்க. அதனால வேகன் ஆர் எடுக்கிறோம். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 7,20,000. வங்கி எஃப்டியில (நிரந்தர வைப்பு) 8 லட்சம் இருக்கு, 14 வருஷச் சேமிப்பு. வீட்டுக்காரர் கடனே வேண்டாம்ங்கிறார். ஷோரூம்ல ஒரு தாள்ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க: "5 லட்சம் லோன், வட்டி 5 சதவீதம், 5 வருஷத்துக்கு 1,25,000. அதே 5 லட்சம் எஃப்டியில ஆறரை சதவீதத்துக்கு 1,90,000 தரும். 65,000 உங்களுக்கு லாபம்." இது நிஜமா? பொண்ணு பத்தாவது படிக்கிறா.

பதில் (வங்கி ஓய்வு, தேனி):
இல்லம்மா. அது பிளாட் வட்டி. அசல் குறைஞ்சாலும் முழு 5 லட்சத்துக்கும் வட்டி போட்டுட்டே இருப்பாங்க. பாக்கித் தொகைக்கு மட்டும்னு பார்த்தா 9 சதவீதத்தைத் தாண்டும். அந்தத் தாள்ல இன்னொண்ணு விட்டுப்போச்சு. மாசம் 10,417 தவணை உங்க சம்பளத்துலதானே போகுது? கார் முழுசா கட்டிட்டு அதே 10,417-ஐ ஆறரை சதவீத ஆர்டியில (மாசாமாசம் போடுற வங்கிச் சேமிப்பு) போட்டா, 5 வருஷத்துல 7,30,000-க்கு மேல நிக்கும். லோன் வாங்கிக் காப்பாத்தின எஃப்டி 6,90,000தான்.

பதில் (கரூர்க்காரி):
ஐயா கணக்கு சரிதான். ஆனா அக்கா, நாங்க 2019-ல மொத்தமாக் கட்டினோம். அஞ்சாவது மாசம் மாமனாருக்கு நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைக்கணும்னுட்டாங்க. கையில 30,000. தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக்குப் போச்சு. வாசல்ல புதுக் கார் நிக்குது, உள்ள நான் வளையலைக் கழட்டுறேன். கார் வாங்கினது போக மிஞ்சுற வெறும் 80,000-ஐ வச்சுக்கிட்டு நிக்காதீங்க.

பதில் (வங்கி ஓய்வு, தேனி):
இந்தத் தங்கச்சி சொல்றது முக்கியம். அப்போ 3 லட்சம் மட்டும் வாங்குங்கம்மா, 3 வருஷத்துக்கு, கட்டக் கட்டக் குறையுற பாக்கிக்கு மட்டும் வட்டி போடுற முறையில. 9 சதவீதம்னா மாசம் 9,540, மொத்த வட்டி 43,500-க்குள்ள. முன்கூட்டியே அடைச்சா அபராதம் எவ்வளவுன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க. கடன் முடிஞ்சதும் பாக்கி இல்லைன்னு வங்கி தர்ற என்ஓசி கடிதத்தை வாங்கி, ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சியில (வண்டிப் பதிவுச் சான்று) இருக்கிற வங்கிப் பேரை எடுத்துடுங்க.

கேட்டவர்:
ஷோரூம்ல கேட்டேன், பிளாட்தான்னு ஒத்துக்கிட்டாங்க. என் சம்பளம் வர்ற வங்கியிலேயே 3 லட்சத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன். மிச்ச 3,80,000 எஃப்டியிலேயே இருக்கும்னதும் வீட்டுக்காரரும் சரின்னுட்டார். வர்ற மாசம் அம்மாவை முன் சீட்ல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்.