கையில் சுருண்டு கிடக்கும் பாம்புக்கு நம்மைத் தெரியுமா? பால் பைத்தான் (Ball python, பந்துபோலச் சுருளும் சிறிய மலைப்பாம்பு வகை), கார்ன் ஸ்னேக் (Corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்

கொக்கிக்காரன்:
பாசம்னு நினைக்கிறதுல பாதி வெறும் சூடுதான். குளிர்ந்த அறையில நம்ம உள்ளங்கை அதுக்குக் கதகதப்பான இடம். அசையாம கிடந்தா நாக்கைப் பாருங்க. மெதுவா நாக்கை நீட்டிக்கிட்டே ஊர்ந்தா நிதானமா இருக்கு. நாக்கே வெளிய வராம, உடம்பு இறுகி, தலையை உள்ளே இழுத்துக்கிட்டா பயத்துல அடங்கிக் கிடக்கு.

நம்பிக்கை வரணும்னா வாங்கிட்டு வந்த முதல் வாரம் தண்ணி மாத்த மட்டும் தொட்டியைத் திறங்க. பிறகு இரை. தொடர்ந்து மூணு தடவை மறுக்காம தின்னதும் கையில எடுக்கலாம்: முதல்ல 5 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு தடவை. போகப்போக 15 நிமிஷம். இரை தின்னு 48 மணி நேரம் ஆகாம எடுத்தா கக்கிடலாம். கக்கினா குறைஞ்சது 10 நாள் வயித்தைச் சும்மா விட்டுட்டு, வழக்கத்தைவிடச் சின்ன எலியா கொடுங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடி பாம்பைக் கையாள்ற நீளக் கொக்கியால நடு உடம்புல லேசா தொடுங்க. கொக்கி பட்டா சாப்பாடு இல்லைன்னு சில வாரத்துல பிடிபட்டுடும். மேலிருந்து கையை இறக்காதீங்க, பருந்து அப்படித்தான் வரும். பக்கவாட்டுல கொண்டுபோய், ரெண்டு இடத்துல தாங்கித் தூக்குங்க.

சட்டைஉரிச்சான்:
பழகின பாம்பு கடிச்சதும் "துரோகம்"னு எழுதுறவங்களுக்கு: பெரும்பாலும் அது வாசனைக் குழப்பம். பால் பைத்தான் உதட்டோரக் குழிகள் சூட்டை உணரும். எலி வாசனையோட ஒரு சூடான கை உள்ள வந்தா அதுக்கு அது எலிதான். சோப்புப் போட்டுக் கழுவுங்க, இரையை நீள இடுக்கியால கொடுங்க.

கடிச்சுப் பிடிச்சா இழுக்காதீங்க. பல் உள்நோக்கி வளைஞ்சது. இழுத்தா நம்ம தோல் கிழியும், பல் முறிஞ்சு உள்ளே தங்கும், பாம்புக்கு வாய்ப்புண் வரும். வாயோரம் குளிர்ந்த தண்ணி ஊத்தினா விட்டுடும்.

கண்ணு நீலம் பாரிச்சா சட்டை உரிக்கிற வரைக்கும் எடுக்க வேண்டாம். பார்வை மங்கியிருக்கும், எது பட்டாலும் மிரளும்.

இரவுலாவி:
ஆளை அடையாளம் காணுமா என்றால், வாசனையில் ஓரளவு காணும். நாக்கு எடுத்துவரும் வாசனையை மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு பிரித்தறிகிறது. சென்ட் மாற்றினால் பழகிய பாம்பும் புது ஆளைப் போலச் சோதிப்பது அதனால்தான்.

கற்கும் திறன் இருக்கிறது. 1999இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகச் சோதனையில் கார்ன் ஸ்னேக் குட்டிகள் தப்பிக்கும் துளை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டன. 2020இல் கனடாவின் வில்ஃபிரிட் லாரியர் பல்கலைக்கழக ஆய்வில் கார்ட்டர் பாம்புகள் (வட அமெரிக்கச் சிறு பாம்பு வகை) குறிப்பிட்ட சில துணைகளோடு சேர்ந்திருக்க விரும்பின. ஆனால் அது பாம்புக்கும் பாம்புக்கும் இடையிலான விஷயம். இதை வைத்து மனிதன்மீது பாசம் என்று தாவிவிட முடியாது.

கொக்கிக்காரர் சொன்ன முறையில் ஒன்று சேர்ப்பேன். கார்ன் ஸ்னேக்குக்கு மாலையில் தொட்டிக் கதவைத் திறந்து கையை வாசலில் வைத்துக் காத்திருங்கள். தானாக ஏறி வந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. பால் பைத்தானிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்; அது பதுங்கி வேட்டையாடும் இனம், பொந்தைவிட்டு வராததை வெறுப்பு என்று எண்ண வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்பு மாதக்கணக்கில் இரை மறுப்பதும் கோபத்தால் அல்ல.

கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு எதையும் பிடித்துப் பழக்க இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.

கொக்கிக்காரன்:
கதவைத் திறந்து காத்திருக்கிறது சரிதான், கார்ன் ஸ்னேக்குக்கு நல்லா எடுபடும். சாதுவா இருந்த பாம்பு திடீர்னு சீற ஆரம்பிச்சா முதல்ல தொட்டிச் சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்டைப் பாருங்க. பால் பைத்தானுக்கு சூடான பக்கம் 31–32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25–27. ரெண்டு பக்கமும் உடம்பு இறுக்கமா அடையுற அளவுக்கு ஒவ்வொரு பொந்து வேணும். ஒண்ணுதான் இருந்தா சூடா, மறைவான்னு தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், எந்நேரமும் பதற்றமாவே இருக்கும். அதெல்லாம் சரியா இருந்தும் சீறினா, வாயில சளி, மூச்சுல விசில் சத்தம், உடம்புல உண்ணி இருக்கான்னு பார்த்துட்டு ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர்கிட்ட கொண்டு போங்க.