டிரான்ஸ்ஃபர் கார்டுகளை (guards) எப்படி எடை போடுகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில், சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து (கல்லூரி அணிகளின் லீக்) பெரிய அணிக்கு மாறும் கார்டுகளை, அதாவது பந்தைக் கையாண்டு ஆட்டத்தை நடத்தும் வீரர்களை, மதிப்பிடுவதில் உங்கள் உதவி வேண்டும்.

கார்டு வால்ட்டர் கிளேட்டன் ஜூனியர் 2023-ல் சின்ன கான்ஃபரன்ஸ் அணியான அயோனாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்தார். 2025-ல் ஃபுளோரிடாவுக்குத் தேசியக் கோப்பையே வந்தது. அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 புள்ளிகள். ஆனால் என் கண்ணிலேயே நிற்பது ஹூஸ்டனுடனான இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகள்தான். எமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்ப, கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்தார். ஷார்ப் பந்தைத் தரையில் விட்டுவிட்டு, திரும்பத் தொட முடியாமல் நின்றார். 65-63, ஃபுளோரிடாவுக்கு வெற்றி. அயோனா காலத்துப் புள்ளிவிவரத்தில் இதை யார் கண்டிருப்பார்கள்?

நான் பார்ப்பது ஃப்ரீ த்ரோ சதவீதம், அசிஸ்ட்-டர்ன்ஓவர் விகிதம் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்களுக்கும் பந்தை எதிரணியிடம் இழந்ததற்குமான விகிதம்), வலுவான அணிகளுக்கு எதிரான ஆட்டங்கள். புள்ளி சராசரியை இப்போது அவ்வளவாக நம்புவதில்லை. பந்து முழுக்க ஒருவர் கையிலேயே இருந்தால் 20 வரத்தான் செய்யும்.

புது அணியில் பந்து கைக்கு வருவது பாதியாகக் குறைந்தாலும் ஒருவர் தாக்குப்பிடிப்பாரா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? பழைய ஆட்ட வீடியோவில் முதலில் எதைக் கவனிப்பீர்கள்? தடுப்பாட்டத்தை அளக்க நம்பகமான வழி தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.